மூன்று பியோனிகள், ஒரே கத்தரிக்கோல்

வாசகியின் கேள்வி:

ஐயா, மூன்று வருடத்துக்கு முன்பு தோட்டத்தோடு ஒரு பழைய வீட்டை வாங்கினோம். அதில் மூன்று பியோனிச் செடிகள் இருந்தன, எதிலும் பெயர் அட்டை இல்லை. வாசல் பக்கத்துச் செடியில் கோடைத் தொடக்கத்தில் பெரிய இளஞ்சிவப்பு அடுக்குப் பூக்கள் வருகின்றன. ஆனால் மொட்டு முழுக்க எறும்பு. ஒரு மழை பெய்தால் பூவெல்லாம் மண்ணில் சாய்ந்துவிடுகிறது. சுவரோரச் செடி, நாங்கள் வந்த வருடம் வெள்ளையாகப் பூத்தது, நடுவில் கருஞ்சிவப்புத் திட்டு. இந்த வருடம் அதே இடத்தில் இளஞ்சிவப்புப் பூ! நிறம் எப்படி மாறியது? மூன்றாவது செடியை இரண்டு வருடத்துக்கு முன்பு இடம் மாற்றி நட்டேன். அன்றிலிருந்து இலைதான், பூவே இல்லை. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மூன்றையும் தரையோடு வெட்டிச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். பூத்த இரண்டின் படங்களையும் அனுப்பியிருக்கிறேன். பெயர் சொல்ல முடியுமா? என் தோழி வேறு ஒரு துண்டு கேட்கிறாள். எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ‘மூன்றையும் தரையோடு வெட்டி’ என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். சுவரோரச் செடியின் நிறம் மாறிய கதை அங்கேதான் தொடங்குகிறது. அதனால் பெயரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் அவை என்ன வகை என்று பார்ப்போம். பெயர் தெரியாமல் பியோனியை ஆயுள் முழுக்க நன்றாக வளர்க்கலாம். வகை தெரியாமல் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது.

பியோனி என்று ஒரே பெயரில் சொன்னாலும் தோட்டத்தில் அது மூன்று விதமாக வளர்கிறது. செடிப் பியோனியின் தண்டு பச்சைத் தண்டு. இலையுதிர் காலத்தில் மொத்தமும் காய்ந்து மடிந்துவிடும். உயிர் மண்ணுக்குள், கிழங்கு போன்ற வேரிலும் அதன் தலையில் இருக்கும் முளைகளிலும் தங்கியிருக்கும். அந்த முளைகளைத்தான் ‘கண்’ என்கிறோம். மரப் பியோனி பெயருக்குத்தான் மரம், பார்த்தால் நெஞ்சு உயரப் புதர். அதன் தண்டு கட்டை. இலை உதிர்ந்தாலும் கட்டை நிற்கும், அடுத்த பருவத்துப் பூ அந்தக் கட்டையில் இருக்கும் மொட்டுக்குள்தான் காத்திருக்கும். மூன்றாவது, இந்த இரண்டையும் இணைத்து உண்டாக்கிய இட்டோ வகை. அது உங்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை, பிறகு சொல்கிறேன்.

சரி, சுவரோரச் செடி. வெள்ளை இதழ், அடியில் கருஞ்சிவப்புத் திட்டு என்று நீங்கள் சொன்னதுமே எனக்கு ராக்கி இனம்தான் நினைவுக்கு வந்தது. 1920களில் சீனாவின் கான்சு மாகாணத்திலிருந்து விதை அனுப்பிய ஜோசப் ராக் என்பவரின் பெயரைத் தாங்கிய மரப் பியோனி அது. உங்களுடையது அதுவாகவோ அதன் வழி வந்த கலப்பாகவோ இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மரப் பியோனியைக் குச்சி வைத்து வேர்விடச் செய்வது மிகக் கடினம். அதனால் நாற்றங்கால்களில் பெரும்பாலும் செடிப் பியோனியின் வேர்த்துண்டு ஒன்றில் மரப் பியோனியின் தளிர்க்குச்சியை ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள். மேலே ஒரு செடி, கீழே இன்னொரு செடி. நீங்கள் மேலே இருந்ததைத் தரையோடு வெட்டினீர்கள். பூக்க வேண்டிய மொட்டுகள் எல்லாம் கட்டையோடு போயின. இரண்டாம் வருடமும் வெட்டியதும் மேல்செடி தளர்ந்தது, கீழே இருந்த வேர்ச்செடி தன் முளையை வெளியே விட்டது. இந்த வருடம் நீங்கள் பார்த்த இளஞ்சிவப்புப் பூ அந்த வேர்ச்செடியின் பூ. வெள்ளைப் பூவின் நிறம் மாறவில்லை. அந்தச் செடி அதே இடத்தில், அதே மண்ணில், தோற்றுக்கொண்டிருக்கிறது.

வருத்தப்பட வேண்டாம், இது நிறையப் பேருக்கு நடக்கிறது. முதலில் மேல்செடிக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணை விரலால் விலக்கிப் பழைய கட்டையின் அடியைக் கண்டுபிடியுங்கள். நகத்தால் பட்டையை லேசாகக் கீறினால் உள்ளே பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் ஓர் அங்குலம் கீழே கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் நம்பிக்கை உண்டு. இப்போது இலை இருக்கும்போதே இரண்டையும் பிரித்துக் குறித்து வையுங்கள். மரப் பியோனியின் இலைத்துண்டுகள் நுனியில் மூன்றாகவோ ஐந்தாகவோ வெட்டுப்பட்டு, பளபளப்பில்லாமல், சற்று நீலம் கலந்த பச்சையாக இருக்கும். வேர்ச்செடியின் இலை ஈட்டி முனை மாதிரி நீண்டு, வெட்டில்லாமல், கரும்பச்சையாகப் பளபளக்கும். ஒருமுறை கண்ணுக்குப் பழகிவிட்டால் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவீர்கள்.

ஈட்டி இலை உள்ள தண்டுகளை மேலே வெட்டினால் போதாது, மறுபடி முளைக்கும். மண்ணைத் தோண்டி, அவை வேரில் கிளம்பும் இடத்திலேயே பிய்த்து எடுக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் செடியையே கிளப்பி, ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்குக் கீழே 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும்படி மறுபடி நடுங்கள். ஆழம் ஏன் என்றால், மேல்செடியின் கட்டை மண்ணுக்குள் போனால்தான் அது தன் சொந்த வேரை விடும். சொந்த வேர் வந்துவிட்டால் வேர்ச்செடியின் தயவு அதற்குத் தேவையில்லை. இதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை கட்டையில் கத்தரிக்கோல் படக் கூடாது. வசந்தத்தில் மொட்டு விரிந்த பிறகு, எது காய்ந்த குச்சி என்று தெளிவாகத் தெரியும்போது, அதை மட்டும் நறுக்கினால் போதும்.

அது மறுபடி பூக்கும் நாளில் ஒரு பூவை உற்றுப் பாருங்கள். மகரந்தத் தாள்களை மெல்ல விலக்கினால், நடுவில் இருக்கும் சூலறைகளைச் சுற்றித் தோல் போன்ற ஓர் உறை சட்டை போட்டது மாதிரி மூடியிருக்கும். ராக்கி இனத்தில் அது வெளிறிய மஞ்சளாக இருக்கும், வேறு பல மரப் பியோனிகளில் கருஞ்சிவப்பு. உங்கள் வாசல் பக்கத்துச் செடியில் இந்த உறையைத் தேடினாலும் கிடைக்காது. எனக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த உறையைப் பார்ப்பதில் அலுப்புத் தட்டவில்லை.

இனி வாசல் பக்கத்துச் செடி. இது செடிப் பியோனி என்பதில் சந்தேகமே இல்லை. எந்த இனம் என்பதை உங்கள் விரலே சொல்லும். இலையின் ஓரத்தை நுனியிலிருந்து அடி நோக்கி மெதுவாக வருடிப் பாருங்கள். மிக மெல்லிய அரம் போலச் சொரசொரத்தால் அது லாக்டிஃப்ளோரா இனம். வெளிச்சத்தில் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஓரம் முழுக்க வெள்ளையாக நுண்ணிய பற்கள் தெரியும். சீனா, மங்கோலியா, சைபீரியா பகுதிகளில் இயற்கையாக வளரும் இந்த இனத்திலிருந்துதான் தோட்டங்களில் இருக்கும் செடிப் பியோனிகளில் பெரும்பகுதி வந்தது. இன்னோர் அடையாளம், ஒரே தண்டில் நடு மொட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று சின்ன மொட்டுகள் இருப்பது. ஐரோப்பிய இனமான அஃபிசினாலிஸில் தண்டுக்கு ஒரே பூதான், அதுவும் சில வாரங்கள் முன்னாலேயே பூத்துவிடும். அதன் சூலறையில் வெல்வெட் போல முடி இருக்கும். லாக்டிஃப்ளோராவில் பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும். இலை மெல்லிய நூல் நூலாக இருந்தால் அது டெனுயிஃபோலியா, குழப்பமே வராது. இமயமலையின் மேற்குச் சாரல்களில் எமோடி என்று ஓர் இனம் உண்டு. வெள்ளை ஒற்றைப் பூ, தலையைச் சற்றுக் கவிழ்த்தபடி நிற்கும். தோட்டங்களில் அபூர்வம்தான், ஆனால் எனக்கு மிகப் பிடித்த பியோனி அதுதான்.

எறும்பைப் பற்றிக் கேட்டீர்கள். மொட்டை மூடியிருக்கும் பச்சைப் புல்லி இதழ்களின் ஓரத்தில் தேன் சுரக்கிறது. காலை வெயிலில் பார்த்தால் சொட்டுச் சொட்டாக மின்னும், தொட்டால் பிசுபிசுக்கும். எறும்பு அதற்காகத்தான் வருகிறது, மொட்டைக் கடிப்பதில்லை. எறும்பு ஏறினால்தான் மொட்டு விரியும் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் சரியில்லை. எறும்பே இல்லாத இடத்திலும் பியோனி அழகாக விரியும். பூ விரிந்ததும் தேன் நின்றுவிடும், எறும்பும் போய்விடும். தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். வீட்டுக்குள் கொண்டுபோகப் பூ வேண்டுமென்றால், மொட்டு கல் போல இல்லாமல் விரலால் அழுத்தினால் பஞ்சு போல அமுங்கும் பதத்தில் வெட்டி, தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். அப்படி வெட்டும்போது தண்டில் இரண்டு மூன்று இலையாவது செடியிலேயே விட்டுவையுங்கள். அடுத்த வருடத்துக்கு வேரில் சேமிப்பது அந்த இலைகள்தான்.

மழையில் சாய்வது அடுக்குப் பூவின் பாரம். இதழுக்குள் தண்ணீர் தேங்கி, பூ தண்டை வளைத்துவிடுகிறது. முட்டுக் கொடுப்பதை எல்லோரும் பூ சாய்ந்த பிறகு நினைக்கிறார்கள். தண்டு ஒரு முழ உயரம் வருவதற்குள் வளையத்தை வைத்துவிட வேண்டும். அப்போதுதான் இலை வளர்ந்து வளையத்தை மறைக்கும், தண்டும் அதன் வழியாகத் தானே ஏறி வரும். வருடா வருடம் இந்த வேலை வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு நான் ஒற்றைப் பூ வகைகளையோ ஜப்பான் வகைகளையோதான் சொல்வேன். அவை மழையில் தலை நிமிர்ந்து நிற்கும்.

இப்போது பெயர். வாசல் செடிக்கு நீங்கள் அனுப்பிய படம், முழுக்க விரிந்த ஓர் இளஞ்சிவப்பு அடுக்குப் பூவை நேருக்கு நேர் எடுத்தது. அழகான படம். ஆனால் அந்த ஒரு படத்தை வைத்து நான் பெயர் சொன்னால் அது உங்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. இளஞ்சிவப்பு அடுக்குப் பியோனிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பருவத்தின் கடைசியில் பூத்து, இதழ் ஓரம் வெள்ளி பூசியது போல வெளுத்து, பூ கனத்தால் சாய்ந்தால் சாரா பெர்ன்ஹார்ட் ஆக இருக்கலாம். பிரான்ஸில் லெமுவான் நாற்றங்கால் 1906இல் வெளியிட்ட ரகம் அது, உலகம் முழுக்கப் பழைய தோட்டங்களில் இருக்கிறது. பருவத்தின் முன்பகுதியிலேயே பூத்து, வெளி இதழ்கள் அகலத் தட்டுப் போலவும் நடுவில் பந்து வைத்தது போலவும் இருந்தால் 1888ஆம் ஆண்டின் மொஸ்யே ஜூல் எலியை நினைக்கலாம். இரண்டுமே ஊகம்தான். கோடைத் தொடக்கம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அது பியோனிப் பருவத்தின் முன்பகுதியா கடைசியா என்று தெரியவில்லை, அதனால் இரண்டில் ஒன்றை என்னால் தள்ளவும் முடியவில்லை.

இந்தப் பெயர்ச் சிக்கல் பழையது. ஒரே செடி நாற்றங்காலுக்கு நாற்றங்கால் வேறு வேறு பெயரில் விற்ற காலம் உண்டு. 1903இல் அமெரிக்கப் பியோனி சங்கம் தொடங்கியதற்கு இந்தக் குழப்பமும் ஒரு முக்கியக் காரணம். கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, பல இடங்களிலிருந்தும் செடிகளை வரவழைத்து ஒரே நிலத்தில் நட்டு, பூக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எது எது ஒன்று என்று தீர்த்தார்கள். கவனியுங்கள், படத்தை வைத்துத் தீர்க்கவில்லை. ஒரே மண், ஒரே வெயில், ஒரே பருவம் என்று வளர்த்துப் பார்த்துத்தான் தீர்த்தார்கள். இன்றும் புதிய பியோனி ரகங்களின் பெயர்களை உலக அளவில் பதிவு செய்வது அந்தச் சங்கம்தான்.

அதனால் அடுத்த பருவத்தில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போடுங்கள். முளை மண்ணைக் கீறி வரும்போது என்ன நிறம், தண்டு பச்சையா சிவப்பு ஓடியதா, முதல் பூ எந்தத் தேதி, பக்க மொட்டு உண்டா, மணம் எப்படி, விரிந்த அன்று என்ன நிறம், நாலாம் நாள் என்ன நிறம் என்று எழுதுங்கள். நிறம் மாறும் வேகமே சில ரகங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். கோரல் சார்ம் பவள நிறத்தில் விரிந்து, சில நாளில் வெளிறிய மஞ்சளாகிவிடும். வெள்ளை அடுக்குப் பூவில் நடு இதழ்களின் ஓரத்தில் மட்டும் குங்குமம் தெறித்தது போலச் சில சிவப்புக் கீற்றுகள் இருந்தால் 1851ஆம் ஆண்டின் ஃபெஸ்டிவா மாக்சிமாவை முதலில் சந்தேகிக்கலாம். மொட்டு, பாதி விரிந்த பூ, முழுப் பூ, பூவின் பின்பக்கம், இலை, காய் என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். நண்பகல் வெயிலில் சிவப்பும் இளஞ்சிவப்பும் பொய் சொல்லும், மேகமூட்டமான காலையே நல்லது.

அப்புறம் ஒரு பூவைப் பலி கொடுங்கள். வாடத் தொடங்கிய பூ போதும். ஒரு தட்டில் வைத்து, வெளியிலிருந்து ஒவ்வோர் இதழாக உரித்து வரிசையாக அடுக்குங்கள். முதலில் அகலமான காவல் இதழ்கள் வரும். உள்ளே போகப் போக இதழ் குறுகும். சிலவற்றின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு ஒட்டியிருக்கும். அது மகரந்தப் பையின் மிச்சம். அந்த இதழ் ஒருகாலத்தில் மகரந்தத் தாளாக இருந்தது. அடுக்குப் பூவின் உள் இதழ்களில் பெரும்பாலானவை இப்படி மகரந்தத் தாள் இதழாக மாறியவைதான். மாற்றமே இல்லாமல் தாள்கள் மகரந்தத்தோடு நின்றால் ஒற்றைப் பூ. தாள்கள் மகரந்தம் இழந்து நாடா போலத் தடித்து நின்றால் ஜப்பான் வகை. அவை குட்டி இதழ்களாகி நடுவில் மெத்தை போலக் கூடினால் அனிமோன் வகை. முழு இதழாகிப் பந்தாகத் திரண்டால் குண்டு வகை. வெளி இதழுக்கும் உள் இதழுக்கும் வித்தியாசமே தெரியாமல் நிறைந்தால் முழு அடுக்கு. இதழ்களுக்கு இடையே மகரந்தமுள்ள தாள்கள் வளையம் வளையமாகத் தெரிந்தால் அரை அடுக்கு. பூவின் வடிவத்துக்குப் பெயர் வைத்திருக்கும் முறை முழுக்க, இந்த மாற்றம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற கணக்குத்தான். இதைத் தட்டில் ஒருமுறை பார்த்துவிட்டால் எந்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். புதிதாக நட்ட அல்லது இடம் மாற்றிய பியோனியின் முதல் இரண்டு வருடத்துப் பூவை வைத்து வடிவம் சொல்லக் கூடாது. முழு அடுக்கு ரகம்கூட இளமையில் அரை அடுக்காகவோ ஒற்றையாகவோ பூக்கும்.

மூன்றாவது செடிக்கு வருவோம். இடம் மாற்றிய பிறகு இலை மட்டும் வருகிறது என்றால், பத்தில் எட்டுத் தோட்டங்களில் நான் முதலில் சந்தேகிப்பது ஆழத்தைத்தான். இலையுதிர் காலத்தில் இலை பழுத்ததும் செடியின் அடியில் மண்டியிட்டு உட்காருங்கள். கொத்து வேண்டாம், விரலாலேயே மண்ணை விலக்குங்கள். கொஞ்ச நேரத்தில் இளஞ்சிவப்பாக, கூர்மையாக, கொழுத்த முளைகள் தட்டுப்படும். அவைதான் கண்கள். தொட்டால் சட்டென ஒடிந்துவிடும், மென்மையாகக் கையாளுங்கள். கண்ணின் நுனியிலிருந்து மண்ணின் மேல்மட்டம் வரை இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் இருக்கலாம். உங்கள் ஆள்காட்டி விரலின் முதல் இரண்டு கணுவுக்குள் அடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆழம் போனால் செடி சாகாது, நன்றாக இலை விடும், ஆனால் பூக்காது. குளிர் படியவேண்டிய இடம் அந்தக் கண்.

நட்டபோது சரியாக நட்டிருந்தாலும் ஆழம் கூடிவிடலாம். வருடா வருடம் செடியின் தலைமேல் மட்கு உரமும் மூடாக்கும் போடுகிறவர்கள், தெரியாமலேயே கண்ணைப் புதைத்துக்கொண்டே போகிறார்கள். செடி மேல் இருக்கும் அன்பால் நடப்பது இது. உரத்தை ஒரு சாண் தள்ளி வளையமாகப் போடுங்கள், தலை எப்போதும் வெறுமையாக இருக்கட்டும். தழைச்சத்து அதிகமுள்ள உரம் வேண்டவே வேண்டாம், புல்வெளிக்குப் போடும் உரம் அந்தப் பக்கம் சிதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆழம் சரியாக இருந்தால், வெயிலைப் பாருங்கள். தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பக்கத்து மரம் மூன்று வருடத்தில் கிளை பரப்பியிருக்கலாம். அதுவும் சரி என்றால் பொறுத்திருப்பதுதான் வழி. பியோனி இடம் மாறினால் வேரைச் சரிசெய்யவே இரண்டு வருடம் எடுத்துக்கொள்ளும், உங்கள் செடிக்கு இது மூன்றாவது வருடம் தொடங்கும் நேரம். கையைக் கட்டிக்கொண்டு இருப்பது கடினம், எனக்குத் தெரியும். ஆனால் இன்னொரு முறை இடம் மாற்றினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மொட்டே வராமல் இருப்பது ஒன்று. மொட்டு வந்து பட்டாணி அளவில் கறுத்துக் காய்வது வேறு. இரண்டாவது என்றால் வசந்தத்தில் தாமதமாக விழும் உறைபனி, வறட்சி, அல்லது சாம்பல் பூஞ்சணம் காரணமாக இருக்கும். பூஞ்சணம் என்றால் இளம் தண்டு அடியில் கறுத்துத் திடீரென்று தொய்ந்து விழும், ஈரமான நாளில் அதன்மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு படரும். அதை உடனே வெட்டி அப்புறப்படுத்துங்கள், மட்குக் குழியில் போடாதீர்கள். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் அடியில் விடுங்கள். செடிப் பியோனியை இலையுதிர் காலத்தில் தரையோடு வெட்டிக் குப்பையை அகற்றுவது இந்தப் பூஞ்சணம் அங்கேயே குளிர்காலத்தைக் கழித்துவிடாமல் இருக்கத்தான். ஆக, வாசல் செடிக்கும் மூன்றாவது செடிக்கும் நீங்கள் செய்துவந்தது மிகச் சரியான வேலை.

தோழிக்குக் கொடுப்பது வாசல் செடியாக இருக்கட்டும், மற்ற இரண்டையும் இப்போது பிரிக்க வேண்டாம். இலையுதிர் காலத்தில் தண்டை வெட்டிவிட்டு, ஓர் அடி தள்ளிச் சுற்றிலும் தோண்டிக் கிளப்புங்கள். வேரைக் கழுவி, நிழலில் சில மணி நேரம் வையுங்கள். உடனே வெட்டினால் வேர் கண்ணாடி போலச் சில்லுச் சில்லாக உடையும், சற்று வாடினால் வளைந்துகொடுக்கும். கூரிய, சுத்தமான கத்தியால், ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து கண்ணும் நல்ல வேரும் இருக்கும்படி வெட்டுங்கள். உங்கள் பங்கைப் பழைய குழியிலேயே திருப்பி நடாதீர்கள். பியோனி நின்ற இடத்தில் உடனே பியோனி நட்டால் தேறாமல் போவது சகஜம். வேறு இடம் இல்லையென்றால் குழி மண்ணையாவது மாற்றுங்கள். செடிக்குச் செடி ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள், தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் வேண்டாம். விதை போட்டுக் கொடுக்கலாமே என்று தோழி கேட்டால், முதல் வெப்பப் பருவத்தில் வேர் விட்டு, ஒரு குளிர்காலம் கழிந்த பிறகுதான் இலை காட்டும், பூக்க நாலைந்து வருடமோ அதற்கு மேலோ ஆகும், தாய்ச்செடி போலவும் இருக்காது என்று சொல்லிவிடுங்கள்.

இட்டோ வகையைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஜப்பானில் டோயிச்சி இட்டோ என்பவர் 1948இல் செடிப் பியோனியையும் மஞ்சள் மரப் பியோனியையும் இணைத்து விதை எடுப்பதில் வெற்றி கண்டார். அதுவரை முடியாது என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1956இல் அவர் காலமானார். அந்த நாற்றுகள் பூத்தது அதற்குப் பிறகுதான், அவர் பார்க்கவில்லை. எங்காவது மரப் பியோனி மாதிரி வெட்டுப்பட்ட இலையோடு, ஆனால் குளிர்காலத்தில் செடிப் பியோனி போல மடிந்து, பெரிய மஞ்சள் பூ பூக்கும் செடியைப் பார்த்தால் அது பெரும்பாலும் இட்டோதான். அதைத் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அடியில் குட்டையாக ஒரு கட்டை இருக்கும், அதிலும் மொட்டு இருக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் சிலர் குளிரே இல்லாத இடங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செடிப் பியோனி பூக்க, பல வாரங்கள் 4, 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள குளிர் வேண்டும். ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 500 முதல் 1000 மணி நேரம் என்று கணக்கு. குளிர் குறைவாக ஆனால் ஓரளவு இருக்கும் இடம் என்றால், சீக்கிரம் பூக்கும் ஒற்றைப் பூ ரகங்களை எடுத்து, கண் மண்ணோடு மண்ணாக இருக்கும்படி மேலாக நட்டு முயலலாம். அந்தக் குளிரும் இல்லையென்றால் நான் பியோனி வாங்கச் சொல்ல மாட்டேன்.

சகோதரி, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய தோட்டத்தில், இருபது வருடம் வளர்ந்த மரப் பியோனி ஒன்றை இலையுதிர் காலச் சுத்தத்தின்போது தரையோடு வெட்டிப் போட்டிருந்ததைப் பார்த்தேன். குச்சிகள் குப்பை வண்டியில் கிடந்தன, ஒவ்வொன்றின் நுனியிலும் கொழுத்த சிவப்பு மொட்டு. அன்றிலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், கோடை முடிவதற்குள் மரப் பியோனிகளின் கட்டையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன். இலை எல்லாம் ஒன்றுபோலப் பழுத்துத் தொங்கும் நாளில், கத்தரிக்கோல் யார் கையில் இருந்தாலும் அந்தத் துணி தடுக்கும். உங்கள் சுவரோரச் செடியில் உயிருள்ள கட்டை கிடைத்ததும், எவ்வளவு குட்டையாக இருந்தாலும், இன்றே ஒன்றைக் கட்டுங்கள். வசந்தத்தில் அதன் முதல் இலை விரிந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நுனியில் வெட்டு விழுந்த இலையாக அது இருக்க வேண்டும் என்று காத்திருக்கிறேன்.